கட்டம் போட்ட எழுத்து

எனக்கு எழுபத்தோரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது நான்கு, என் தங்கை கண்ணை மூடும்போது என் கையில் பிடித்துக் கொடுத்தது இரண்டு. எது பெற்றது, எது வாங்கியது என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப்போகிற விஷயத்தில் என் அசட்டுத்தனம் கொஞ்சம் வெளியே வரும். அதற்கு முன்னால் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றாவது படிக்கிறவர்கள் மனசில் உட்காரட்டும்.

டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்து மூன்று வருஷம் கூட்டிப் பெருக்கினேன். என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட், நான் ஸ்கூலில் கான்ட்ராக்ட். காலையில் வராந்தாவும் வாசலும், சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு எட்டு வகுப்பறை. பெஞ்சை நகர்த்தி, குப்பையை வாரி, கடைசியில் போர்டை ஈரத்துணியால் துடைப்பேன். நான் துடைத்த போர்டில் முகம் பார்க்கலாம்.

அப்போது எனக்கு எழுத்து தெரியாது. தெரியாது என்பதும் யாருக்கும் தெரியாது. அதுதான் என் சாமர்த்தியம். பஸ் போர்டை உருவம் வைத்துக் கண்டுபிடிப்பேன். குறிஞ்சிப்பாடி என்றால் நீளமாக, கொக்கியும் சுழியுமாகப் போகும். பண்ருட்டி என்றால் குட்டை. யாராவது காகிதத்தை நீட்டினால், "நீயே படிச்சிடு, எனக்கு அடுப்புல வேல இருக்குது" என்பேன். அந்தக் காலத்தில் என் அடுப்பில் எப்போதும் வேலை இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு நாள் காலையில், கணக்கு வாத்தியார் ஒருவர் வராந்தாவில் என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து அஞ்சாங்கிளாஸ் போர்டை யாரும்மா தொடைச்சது?"

"நான்தான் சார். பளிச்சுனு இருக்குதுங்களா?"

"பளிச்சுனுதான் இருக்கு! மூலையில கட்டம் போட்டு எழுதி வச்சிருந்தேனே, கண்ணு தெரியலையா?"

"கண்ணாடிய வூட்ல வெச்சிட்டு வந்துட்டன் சார்."

"இனிமே அந்த எழுத்து இருந்தா போர்டுல கையே வைக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க சார்."

புரியவில்லை. என் கண்ணும் நன்றாகத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் சந்தையில் பவர் இல்லாத ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டேன். சொன்ன பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே.

அன்று முதல் யோசனைதான். ஒரு வாத்தியாருக்கு அவ்வளவு கோபம் வருகிறது என்றால் அது என்ன எழுத்து? பிள்ளைகள் நோட்டில் முதலில் பிள்ளையார் சுழி போடுகிறார்கள். அதை யாரும் அழிப்பதில்லை. இது வலது பக்கம் மேல் மூலையில் இருந்தது. நான்கு பக்கமும் கோடு கிழித்து, கருவறைக்குள் வைத்தது மாதிரி நடுவில் எழுத்து. தினமும் எல்லா வகுப்பிலும் இருக்காது. என்றைக்காவது ஒரு வகுப்பில் இருக்கும். இருக்கிற வகுப்பில் மறுநாள் காலை பிள்ளைகள் வந்து அப்படியே கைகட்டி உட்கார்ந்து போர்டைப் பார்ப்பார்கள். வேறு என்னவாக இருக்கும்? சாமி பேர்தான். என் புத்திக்கு அப்படித்தான் பட்டது.

ஆகவே அந்த எழுத்து இருக்கிற நாளில் துணியைக் கீழே வைத்துவிடுவேன். கட்டத்தை விரல் நுனியால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்வேன். சாக்பீஸ் தூள் இமையில் ஒட்டும். ஆயுத பூஜைக்கு ஸ்கூலைக் கழுவிவிடும்போது ஒரு வகுப்பில் அந்த எழுத்து இருந்தது. பக்கத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். அந்தப் பக்கம் போன டீச்சர் ஒருத்தி நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். பக்தியை மெச்சுகிறாள் என்று நானும் சிரித்தேன்.

வேண்டுதல் எல்லாம் அங்கேதான். கோயிலில் கூட்டம், அவசரம். இங்கே நானும் அதுவும்தான். முதல் வேண்டுதல் என் வீட்டுக்காரருக்குப் பர்மனென்ட் ஆக வேண்டும் என்பது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆகிவிடும் என்பார்கள். ஆகவில்லை. பெரியவன் ஐ.டி.ஐ. முடிக்க வேண்டும் என்று கேட்டேன், முடித்தான். தங்கை பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று கேட்டேன். திருவதிகைப் பக்கம் அமைந்தது, நல்ல மனுஷர்கள். ஒன்று பலிக்கும், ஒன்று பலிக்காது. எதனால் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நாள் வீட்டுக்காரரிடமே கேட்டேன்.

"ஏங்க, சாமிக்கும் ஷிப்ட் இருக்குமா?"

"இருக்கும் இருக்கும். நீ கேக்கற நேரம் பார்த்து டூட்டி மாத்திக்கினு இருக்கும். மைன்ஸ்ல ஷிப்ட் சங்கு ஊதின அப்புறம் கேட்டுப் பாரு."

கிண்டல்தான். ஆனால் மறுநாள் நான் சங்கு ஊதும்வரை காத்திருந்துதான் கேட்டேன்.

அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கடைசிவரை கான்ட்ராக்ட்தான்.

வேலையிலிருந்து நின்ற பிறகு எனக்கு ஓர் ஆசை பிடித்தது. பெரிய ஆசை இல்லை. அந்தக் கட்டத்துக்குள் இருக்கிற பேர் என்ன என்று தெரிய வேண்டும். அதையும் நானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபத்து மூன்று வருஷம் ஒருவரிடம் பேசிவிட்டு அவர் பேர் தெரியாமல் போய்ச் சேருவதா? என்னோடு இருக்கும் பேத்தி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் வரைந்து காட்டினால் ஒரு விநாடியில் சொல்லியிருப்பாள். சொன்னால் அது அவள் படித்தது. நான் படித்தது ஆகாது. மேலும், அவள் ஆயா அஞ்சாவது வரை படித்தவள் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் எண்ணம். அந்த எண்ணத்தை நான்தான் வளர்த்திருந்தேன்.

பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு என்று அறிவித்தார்கள். எங்கே என்றால், நான் கூட்டின அதே ஸ்கூலில். வீட்டில் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முந்தானையில் நோட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். சொல்லித்தர வந்தவள் சின்னப்பெண், பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருக்கிறவள். என்னை அவளுக்குத் தெரியாது. நல்லதாயிற்று என்று பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. பிளாக் பிளாக்காக வளையல் விற்கிற பாய் வீட்டம்மா. என்னைவிட நாலு வயசு சின்னவள். வாய் மட்டும் பெரிது.

"யக்கா! நீயா? நீதான் அஞ்சாவது படிச்சவளாச்சே?"

"மறந்துபோச்சுடி. ஞாபகப்படுத்திக்க வந்தன்."

"அப்ப சரி. எனக்கும் மறந்துதான் போச்சு. என்னா, நான் படிக்கறதுக்கு முன்னாடியே மறந்துட்டேன்."

அந்தப் பெண் பழைய முறைப்படி அ, ஆ என்று தொடங்கினாள். நாங்கள் இருந்த அறையில் பகலில் நான்காம் வகுப்பு நடக்கும். சில நாளில் போர்டின் வலது மூலையில் அந்தக் கட்டம் இருக்கும். அந்தப் பெண்ணும் அதில் கை வைக்காமல் இந்தப் பக்கமாகவே எழுதுவாள். பார்த்தாயா, படித்தவளுக்கும் பயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாளே எனக்கு அதிர்ஷ்டம். கட்டத்துக்குள் முதல் எழுத்து அ. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அ, அ என்று சொல்லிக்கொண்டு போனேன். ஆறு வாரம் கழித்து க வந்தது, புள்ளி வைத்த க் வந்தது, கால் போட்ட கா வந்தது, பிறகு தீ வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது கட்டத்தைப் பார்ப்பேன். புதிதாக வந்த எழுத்து அங்கே எனக்காக உட்கார்ந்திருக்கும். ர் வந்த அன்று கணக்குப் பார்த்தேன். ஒரே ஓர் எழுத்துதான் பாக்கி. இரண்டாவது எழுத்து. சுழித்து, கீழே இறங்கி, மேலே ஒரு கொக்கி போட்ட ஏதோ ஒன்று. அது மட்டும் இன்னும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் பாய் வீட்டம்மாவிடம் இரகசியத்தைச் சொல்லிவிட்டேன். அவள் கண்ணை இடுக்கிப் படித்தாள்.

"அ... என்னமோ... க்... கா... தீர். காதீர்! யக்கா, இது எங்க ஆளு பேரு!"

"அடி போடி."

"மெய்யாலுந்தான் சொல்றேன். எங்க அல்லாவுக்குக் காதிர்னு ஒரு பேரு. எல்லாத்துக்கும் வல்லமை உள்ளவன்னு அர்த்தம். நீ இத்தன வருசமா எங்க சாமிய கும்பிட்டுக்கினு இருந்திருக்கிற!"

எனக்குத் திக்கென்றது. பிறகு யோசித்தேன். யாராக இருந்தால் என்ன, பெரியவன் ஐ.டி.ஐ. முடித்தானா இல்லையா? நன்றி யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும். அவளும் இப்போது என்னைவிட ஆவலாகிவிட்டாள். ல வந்தது, இல்லை. வ வந்தது, அதுவும் இல்லை. "அடுத்த எழுத்து அடுத்த வாரம்" என்று சொல்லி அந்தப் பெண் பலகையைத் துடைத்தாள்.

அடுத்த வாரம் ஸ்கூல் பூட்டியிருந்தது. கோடை விடுமுறை. திறந்த பிறகும் வகுப்பு தொடங்கவில்லை. புது வருஷத்துக்கு அறையைத் தர மறுபடி அனுமதி வாங்க வேண்டுமாம். அந்தப் பெண்ணைப் பஜாரில் பார்த்துக் கேட்டேன்.

"பேப்பர் கொடுத்தாச்சும்மா. ப்ராசஸ்ல இருக்குது. கொஞ்சம் பொறுமையா இருங்க."

நான் தலையை ஆட்டினேன். ப்ராசஸில் இருக்கிறது. சரி. எங்கள் ஊரில் எல்லா இடத்துக்கும் இங்கிலீஷ் பேர்தானே. ஸ்டோர்ஸில் இருக்கிறது என்றால் போய் வாங்குகிறோம். ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார் என்றால் போய்ப் பார்க்கிறோம். பேப்பர் ப்ராசஸில் கிடந்தால் ஒரு எட்டு போய், "வயசானவங்க காத்துக்கினு இருக்கறோம்" என்று சொல்லிவிட்டு வருவதில் என்ன தப்பு? சின்னப்பெண், அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

"ப்ராசஸ் போவுமாப்பா?"

கண்டக்டர் தெரியாது என்று சொல்லவில்லை. கண்டக்டர்கள் சொல்ல மாட்டார்கள். "ப்ராசஸா? அது பிளான்ட் பக்கம் இருக்கும். மெயின் கேட்டாண்ட எறங்கிக்க" என்றார். இறங்கினேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி நல்ல மனுஷன், நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

"யாரைப் பாக்கணும்மா?"

"ப்ராசஸுக்குப் போவணும்ப்பா. என் பேப்பரு ஒண்ணு அங்க கீது."

அவன் நெற்றியைச் சொறிந்தான். "ப்ராசஸ்னா... முன்ன அந்தாண்ட ஒரு பழைய பிளான்ட்டு இருந்துச்சு. அதுவா? அத மூடி வருசக்கணக்கா ஆச்சேம்மா."

"மூடிட்டாங்களா!" நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "அப்ப உள்ள இருந்த பேப்பருங்கள்லாம்?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? இரும்பையே அள்ளிக்கினு போயிட்டாங்க."

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். பேத்தி தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. "என்னா ஆயா?" என்றாள். ஒரே ஓர் எழுத்து. ஒரு வாரம் முந்தி இருந்தால் வந்திருக்கும். கொண்டுவந்து இவ்வளவு கிட்டே நிறுத்திவிட்டு, இப்படிப் பூட்டின இடத்தில் பேப்பரைப் போட வேண்டுமா? மனசு தாங்கவில்லை. பொய்யெல்லாம் அன்றைக்கு வெளியே வந்துவிட்டது. அஞ்சாவது படிக்கவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, ப்ராசஸை மூடிவிட்டார்கள், எல்லாம் சொன்னேன். கட்டத்தை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கும் அதற்கும் உள்ளது.

பேத்தி முதலில் அழுவது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். ப்ராசஸ் வந்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்குவது எனக்குத் தெரியாதா?

"சிரிக்காத சொல்லுடி."

"ஆயா, அது எடம் இல்ல. ப்ராசஸ்ல இருக்குதுன்னா, வேல நடந்துகினு இருக்குதுன்னு அர்த்தம். இன்னும் முடியல, ஆனா நிக்கல."

"எங்க நடக்குது?"

"எங்கன்னு இல்ல. நடக்குது. நைட்டு மாவு ஆட்டி வெக்கிற, காலையில பொங்கி வருது. நடுவுல அது எங்க போச்சுன்னு கேப்பியா?"

"மாவு என் கண்ணு முன்னாடி குண்டான்ல இருக்குதுடி."

"குண்டானத் தொறந்து தொறந்து பார்த்தா பொங்குமா?"

ப்ராசஸ் என்ற அந்தச் சொல்லை நான் விடவில்லை, பல நாள் வாயில் போட்டு மென்றேன். இடம் இல்லை, ஆனால் அதில் இருக்கலாம். என் வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். மைன்ஸில் கரி ஆழத்தில் இருக்கிறது. அதற்கு மேலே இருக்கிற மண்ணை எடுப்பதுதான் பெரிய வேலை. அவர் அந்த மேல்மண் பக்கமே முழுக் காலமும் இருந்தார். கரி எடுக்கிற பக்கம் ஒரு நாள்கூட அவரைப் போடவில்லை. "நான் மண்ண பார்த்த ஆளு, கரிய பார்த்ததில்ல" என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்காக நான் கேட்டதும் ப்ராசஸில்தான் இருந்ததா? அவர் போன பிறகும் நடந்துகொண்டிருக்கிறதா? இதைப் பேத்தியிடம் கேட்க முடியாது. சாமிதான் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

ஆடி பிறந்து வகுப்பு தொடங்கியது. பேப்பர் எங்கே போய் எப்படி வந்ததோ, வந்துவிட்டது. இந்த முறை பொய் சொல்லாமல், பேத்தி வாங்கித் தந்த பையில் நோட்டை வைத்துக்கொண்டு போனேன். போர்டின் மூலையில் கட்டம் இருந்தது. யாரோ வாத்தியார் எனக்காகவே எழுதிவைத்தது மாதிரி, சுத்தமான வெள்ளை எழுத்து.

அந்தப் பெண் சாக்பீஸை எடுத்து இந்தப் பக்கம் ஒன்று போட்டாள். சுழித்து, கீழே இறங்கி.

"இது ழ. நாக்கை மடிச்சு மேல கொண்டுபோங்க. பழம்."

"பளம்" என்றது வகுப்பு.

"இப்ப கொக்கி போட்டா ழி."

பாய் வீட்டம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் கட்டத்தைப் பார்த்தேன். அ. ழி. க். கா. தீ. ர். ஒவ்வொன்றாகத்தான் வந்தது. பிறகு ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டது.

அழிக்காதீர்.

மறுபடி படித்தேன். அழிக்காதீர். நாக்கை மடித்து, சரியாக.

"யக்கா," என்று காதில் குசுகுசுத்தாள் அவள், "போர்ட தொடைக்காதன்னு எழுதின எழுத்துக்கா நீ பொட்டு வெச்ச?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கிற சிரிப்பு. அந்தக் கணக்கு வாத்தியார், சந்தையில் வாங்கின கண்ணாடி, நின்று சிரித்த டீச்சர், சங்கு ஊதக் காத்திருந்த சாயங்காலங்கள் எல்லாம் சேர்ந்து வந்தது. அந்தப் பெண் திரும்பி, "என்னம்மா, ழ அவ்வளவு கஷ்டமா?" என்றாள்.

"இல்ல டீச்சர். ரொம்ப நாளா தேடிக்கினு இருந்தேன்."

வெளியே வந்ததும் வளையல்காரி மறுபடி ஆரம்பித்தாள்.

"அப்ப இது உங்க சாமியும் இல்ல, எங்க சாமியும் இல்ல. வாத்தியார் கணக்கு."

"ஆமா."

"பின்ன உன் பையன எவன் பாஸ் பண்ண வெச்சான்?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. ஆனால் வெட்கமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். மூலையில் இருந்தது சாமி இல்லை, சரி. அதற்கு முன்னால் நின்று நான் கேட்டது பொய்யா? கேட்டவள் இருந்தாள், எழுத்து இருந்தது, காதும் எங்கேயோ இருந்திருக்கும். பேரைத் தப்பாகச் சொல்லிக் கூப்பிட்டாலும் அம்மா திரும்பிப் பார்ப்பதில்லையா? ஆறு பிள்ளைகளும் என்னை ஆறு விதமாகக் கூப்பிட்டார்கள், நான் திரும்பினேன். இன்னொன்றும் நினைத்தேன். அழிக்காதே என்பதுதானே எல்லோரும் எல்லாச் சாமியிடமும் கேட்பது? கேட்க வேண்டியதையே யாரோ எழுதிவைத்திருக்க, அதற்கு முன்னால் நின்று நான் வேறென்னவோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"காதிர்னு நெனைச்சப்ப நல்லா இருந்துச்சு யக்கா" என்றாள் அவள், கொஞ்சம் ஏமாற்றமாக.

"எனக்கும்தான்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் இந்த நோட்டு. அன்றாடம் அரைப்பக்கம், சில நாள் இரண்டே வரி, பென்சிலால். ஒரு சொல்லுக்கு எழுத்து தெரியாவிட்டால் இடம் விட்டுவிட்டு மறுநாள் எழுதுவேன். நான்கு மாதம் ஆயிற்று. தப்பு நிறைய இருக்கும். பேத்தி காலேஜ் போகிறாள் இப்போது. அச்சுக்குப் போகிற மாதிரி அவள் எழுதித் தருகிறேன் என்கிறாள். கையில் ரப்பரோடு சுற்றிச் சுற்றி வருகிறாள்.

திருத்திக்கொள்ளட்டும். ஆனால் கடைசிப் பக்கத்தில் வலது மூலையில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் கை வைக்கக் கூடாது.

நான் எழுதினதை நானே படித்தால் அது பரீட்சை ஆகாது. எனக்குத்தான் தெரியுமே, என்ன எழுதினேன் என்று. நான் உள்ளே வைத்தது இன்னொருத்தி வாயில் அப்படியே வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாடி, இப்படி உட்காரு. ரப்பரக் கீழ வெச்சிட்டு, மொதல்லருந்து படி. மெதுவா.